ஒரு பெயர், இரண்டு துளைகள்: கோஆக்சியல் வழியே ஸ்டீரியோ

எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒரு தீபாவளிக்கு ரிச்சி தெருவுக்குப் போய் 5.1 ஆம்ப்ளிஃபயரும் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூஃபரும் வாங்கி வந்தார். இரண்டு நாள் தெருவே அதிர்ந்தது. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அஞ்சு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி பாடுது. இடது, வலதுன்னு ஒரு வித்தியாசமும் இல்ல. கடைக்காரன் போர்டை மாத்திக் குடுத்தான், அப்பவும் இப்படித்தான்.”

“செட் டாப் பாக்ஸ்லேர்ந்து டிவிக்கு எந்த ஒயர் போகுது அண்ணாச்சி?”

“கேபிள்காரர் போட்டுக் குடுத்த குட்டை ஒயர்தான். கோஆக்சியல்தானே? நல்ல ஒயர்னு சொன்னாரே!”

ஒயர் நல்ல ஒயர்தான். அண்ணாச்சி வாங்கிய போர்டிலும் குறையில்லை, மாற்றிக் கொடுத்த போர்டிலும் குறையில்லை. பாக்ஸின் உள்ளே இருந்த ஒரு சின்னத் தகர டப்பா, இடது ஒலியையும் வலது ஒலியையும் ஒன்றாகக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஒன்றாகக் கலந்த பிறகு ஐந்து ஸ்பீக்கர் என்ன, ஐம்பது ஸ்பீக்கர் வைத்தாலும் பிரிக்க முடியாது. சாம்பாரில் விழுந்த உப்பைத் திரும்ப எடுக்கிற வேலை அது.

வீட்டு டிவியில் ஸ்டீரியோ வரவில்லை என்று வருகிற புகார்களை நான் எப்போதும் ஒரே கேள்வியோடு தொடங்குவேன். நிகழ்ச்சி கிளம்பிய இடத்திலிருந்து ஸ்பீக்கர் வரை, இரண்டு ஒலியும் எந்த இடத்தில் ஒன்றாகிறது? அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் நூறு ரூபாய் செலவில் வேலை முடிந்துவிடும்.

எந்தக் கோஆக்சியல்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். கோஆக்சியல் என்பது ஒயரின் உடல்வாகுக்கு வைத்த பெயர். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளைக் காப்பு, அதன் மேல் பின்னலோ தகடோ, எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர் உறை. இந்த உடல்வாகு உள்ள ஒயர் டிவி வீட்டில் இரண்டு வேறு வேலைகளுக்குப் பயன்படுகிறது. இரண்டையும் கடைக்காரர் கோஆக்சியல் என்றே சொல்லுவார்.

ஒன்று, ஆர்.எஃப். எனப்படும் ஆன்டெனா வழி. பாக்ஸ் பக்கம் மரைபோட்ட எஃப் கனெக்டர் இருக்கும், திருகி மாட்டுவோம். டிவி பக்கம் பெரும்பாலும் அழுத்திச் செருகும் தடித்த பின். கேபிள்காரர் கம்பத்திலிருந்து இழுத்து வருவதும் இதுதான், மாடியில் உள்ள டிஷ்ஷிலிருந்து இறங்கி வருவதும் இதுதான்.

இன்னொன்று, டிஜிட்டல் ஆடியோ வழி. இது மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின்களைச் செருகும் அதே வகை ஆர்.சி.ஏ. துளை. ஆனால் தனியாக ஒன்றே ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில். பக்கத்தில் ‘கோஆக்சியல்’ என்றோ ‘டிஜிட்டல் அவுட்’ என்றோ ‘எஸ்/பி.டி.ஐ.எஃப்.’ என்றோ ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சில பாக்ஸ்களில் நிறம் கறுப்பாகவும் இருக்கலாம். ஆகையால் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள்.

பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும்போது முதல் துளை ஸ்டீரியோவைத் தின்றுவிடுகிறது. இரண்டாவது துளை அதை ஒரு பொட்டுக்கூடக் குறையாமல் கொண்டுபோகிறது. பெயர் ஒன்றாக இருந்துகொண்டு இப்படி நேரெதிராக நடப்பதால்தான் இந்த அத்தியாயமே தேவைப்படுகிறது.

தகர டப்பாவுக்குள் நடப்பது

கேபிள்காரரின் ஒயர் உங்கள் பாக்ஸுக்குள் நுழையும்போது அதில் நூற்றுக்கணக்கான சேனல்கள் டிஜிட்டல் வடிவில் வருகின்றன. சேனல்காரர் ஸ்டீரியோவாக அனுப்பியிருந்தால் அந்த ஸ்டீரியோவும் பத்திரமாகவே வந்து சேர்கிறது. பாக்ஸ் அதைப் பிரித்து படமாகவும் இடது ஒலியாகவும் வலது ஒலியாகவும் ஆக்குகிறது. இதுவரை எந்தச் சேதமும் இல்லை.

வம்பு வெளியே அனுப்பும் இடத்தில் தொடங்குகிறது. பழைய டிவிகளில் ஆன்டெனா துளையைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த டிவிகளுக்காக பாக்ஸின் உள்ளே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையத்தையே வைத்திருந்தார்கள். தீப்பெட்டி அளவு தகர டப்பா, பெயர் ஆர்.எஃப். மாடுலேட்டர். பாக்ஸ் தருகிற படத்தையும் ஒலியையும் வாங்கி, ஒரு தூர்தர்ஷன் கோபுரம் செய்வதுபோல அலையில் ஏற்றி அனுப்பும். நீங்கள் டிவியில் 3-ஆம் சேனலையோ 4-ஆம் சேனலையோ டியூன் செய்து படம் பார்த்தது அதனால்தான். வி.சி.ஆர். காலத்திலிருந்தே இதே கதை.

நம் நாட்டின் பழைய அனலாக் முறையில் படத்துக்கு ஓர் அலை, அதற்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலிக்கு ஓர் அலை. ஒலிக்கு உள்ளது அந்த ஒன்றுதான். அதில் ஒரே ஒரு ஒலியை ஏற்றலாம். இரண்டு ஒலியை ஏற்ற வேண்டுமானால் கூடுதலாக ஏதாவது செய்தாக வேண்டும். செய்த நாடுகளும் உண்டு. ஜப்பானில் 1978-லேயே தொடங்கினார்கள். ஜெர்மனியில் 1981-ல், முதல் ஒலியலைக்குப் பக்கத்திலேயே 5.742 மெகாஹெர்ட்ஸில் இரண்டாவது ஒலியலை ஒன்றை வைத்தார்கள். அமெரிக்காவில் 1984-ல் வேறொரு முறைக்கு அனுமதி கிடைத்தது. எஃப்.எம். ரேடியோவில் செய்வதுபோல, இரண்டு ஒலிகளின் கூட்டலை முதன்மையாகவும் கழித்தலை அதன் முதுகிலும் ஏற்றினார்கள். பிரிட்டனில் நைக்காம் என்ற பெயரில் ஒலியையே டிஜிட்டலாக்கி, வினாடிக்கு 728 கிலோபிட் வேகத்தில் அனுப்பினார்கள்.

இவை எல்லாவற்றிலும் ஆன்டெனா ஒயர் வழியாகவே ஸ்டீரியோ போனது. எனவே “கோஆக்சியல் ஒயரில் ஸ்டீரியோ வராது” என்று யாராவது அடித்துச் சொன்னால் தலையாட்டாதீர்கள். ஒயருக்கு அந்தத் திறமை உண்டு. இல்லாதது அந்தத் தகர டப்பாவுக்கு. ஸ்டீரியோவை அலையில் ஏற்ற ஒரு என்கோடர் சுற்று வேண்டும். குறைந்த விலைக்குப் பாக்ஸ் செய்கிற நிறுவனம் அதற்குச் செலவழிக்காது. அதனால் இடதையும் வலதையும் இரண்டு சின்ன ரெசிஸ்டர்கள் வழியே ஒன்றாகச் சேர்த்து, டப்பாவின் ஒரே ஒலி நுழைவாயிலில் கொடுத்துவிடுகிறார்கள். அண்ணாச்சியின் ஐந்து ஸ்பீக்கரும் ஒரே பாட்டைப் பாடிய இடம் இந்த ரெசிஸ்டர்கள் சேரும் முனைதான்.

விலை உயர்ந்த ஒயரும், தங்க முலாம் பூசிய பின்னும் இதை மாற்றாது. அப்படி விற்க வருபவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

முதல் மருந்து: மூவர்ண ஒயர்

பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவே உள்ள ஆர்.எஃப். ஒயரைக் கழற்றிவிட்டு, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஏ.வி. கார்டைப் போடுங்கள். மஞ்சள் படம், வெள்ளை இடது, சிவப்பு வலது. எச்.டி. பாக்ஸும் எச்.டி.எம்.ஐ. துளை உள்ள டிவியும் இருந்தால் ஏ.வி. கார்டும் வேண்டாம், ஒரே எச்.டி.எம்.ஐ. ஒயர் போதும். படமும் ஸ்டீரியோவும் சேர்ந்தே போகும். எச்.டி. பாக்ஸ் வைத்திருந்தும் பழக்கதோஷத்தில் குட்டை ஒயரிலேயே படம் பார்க்கும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன்.

ஒலி ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டுமானால், வெள்ளையையும் சிவப்பையும் டிவியில் செருகாமல் நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகலாம். மஞ்சளை மட்டும் டிவிக்குக் கொடுங்கள். டிவி வழியாகச் சுற்றி வருவதைவிட இது நேர்வழி.

இங்கே ஒரு கண்ணி உண்டு. சிறிய பாக்ஸ்களில் மூன்று ஆர்.சி.ஏ. துளைகளுக்குப் பதிலாக, இயர்போன் துளைபோல ஒரே ஒரு 3.5 மில்லிமீட்டர் ஏ.வி. துளை இருக்கும். அதற்கான ஒயரின் ஒரு முனையில் நான்கு பட்டைகள் கொண்ட ஒற்றைப் பின், மறுமுனையில் மூவர்ணப் பின்கள். எந்தப் பட்டையில் எந்த இணைப்பு என்பதில் எல்லா நிறுவனங்களும் ஒரே வழியில் போகவில்லை. கடையில் கிடைத்த ஒயரைப் போட்டால் படம் வராமல் ஒரு ஸ்பீக்கரில் ‘டர்ர்ர்’ என்று இரைச்சல் வரலாம். பயப்பட வேண்டாம், படத்துக்கான சிக்னல் ஒலிக்குள் நுழைந்துவிட்டது, அவ்வளவுதான். நிறத்தை மறந்துவிட்டு மூன்று பின்களையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். பல சமயம் சிவப்புப் பின்னில் படம் வந்து நிற்கும். எப்படி மாற்றியும் ஒழுங்காக வரவில்லையென்றால் எர்த் பட்டையே இடம் மாறியிருக்கிறது. அந்த ஒயர் உங்கள் பாக்ஸுக்கு ஆகாது. பாக்ஸோடு வந்த ஒயரைத் தேடி எடுங்கள், அது பரணில்தான் இருக்கும்.

இரண்டாவது துளை

இப்போது ஆரஞ்சுத் துளைக்கு வருவோம். அனுபவத்தில் சொல்கிறேன், டிவி வீட்டில் அதிகம் வீணாகக் கிடக்கும் வசதி இதுதான். பாக்ஸிலும் இருக்கும், டிவிடி பிளேயரிலும் இருக்கும், பல டிவிகளின் முதுகிலும் இருக்கும். தூசு தட்ட மட்டுமே யாராவது அதைத் தொடுவார்கள்.

“ஒரே ஒரு ஒயர் எப்படி இரண்டு ஒலியைக் கொண்டுபோகும்?” என்று கேட்பீர்கள். வெள்ளையும் சிவப்பும் ஒலியை மின்னழுத்தமாகவே கொண்டுபோகின்றன, எனவே ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு ஒயர் தேவை. ஆரஞ்சுத் துளையில் போவது எண்கள். வினாடிக்கு 48,000 முறை இடது ஒலியை அளந்து ஓர் எண், வலது ஒலியை அளந்து ஓர் எண், இடது, வலது, இடது, வலது என்று ஒற்றையடிப் பாதையில் மாறி மாறி நடந்து போகின்றன. மறுமுனையில் ஆம்ப்ளிஃபயர் அவற்றை வரிசை குலையாமல் பிரித்துக்கொள்கிறது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய முறை என்பதால் இரண்டின் முதலெழுத்தும் அதன் பெயரில் இருக்கின்றன. சாதாரண ஸ்டீரியோவை பி.சி.எம். வடிவில் சுருக்காமல் அனுப்பும். டால்பி டிஜிட்டல் 5.1-ஐயும் டி.டி.எஸ்.-ஐயும் சுருக்கிய வடிவில் அனுப்பும். இந்நாளைய டால்பி அட்மாஸ் இதில் வராது, அதற்கு எச்.டி.எம்.ஐ.தான்.

மாட்டுவது எளிது. பாக்ஸின் ஆரஞ்சு வெளியீட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் ஆரஞ்சு உள்ளீட்டுக்கு ஓர் ஆர்.சி.ஏ. ஒயர். இதற்கென்று ‘டிஜிட்டல் கோஆக்சியல்’ என்று அட்டையில் எழுதி ஆயிரம் ரூபாய்க்கு விற்பதை வாங்க வேண்டாம். பழைய ஏ.வி. கார்டின் மஞ்சள் ஒயரை எடுத்துப் போடுங்கள். இந்த வழிக்கு 75 ஓம் ஒயர் வேண்டும், படத்துக்கான மஞ்சள் ஒயரும் 75 ஓமுக்குச் செய்யப்படுவதுதான். வெள்ளை அல்லது சிவப்பு ஒயர்கூட ஒரு மீட்டர் தூரத்துக்கு ஓடிவிடும். ஆனால் மஞ்சளே முறையானது.

மாட்டிய உடனே பாட்டு வந்துவிட்டால் அதிர்ஷ்டசாலி. வராவிட்டால் பெரும்பாலும் அமைப்புகளில்தான் கோளாறு. ரிமோட்டில் மெனுவைத் திறந்து ஆடியோ பகுதியில் டிஜிட்டல் அவுட்புட் எங்கே என்று தேடுங்கள். அங்கே பி.சி.எம். என்றும், பிட்ஸ்ட்ரீம் அல்லது ரா என்றும், சில இடங்களில் ஆட்டோ என்றும் இருக்கும். பி.சி.எம். வைத்தால் பாக்ஸே எல்லாவற்றையும் பிரித்து ஸ்டீரியோவாக்கி அனுப்பும், எந்த ஆம்ப்ளிஃபயரும் புரிந்துகொள்ளும். பிட்ஸ்ட்ரீம் வைத்தால் வந்ததை வந்தபடியே தள்ளிவிடும். பிரிக்கும் பொறுப்பு ஆம்ப்ளிஃபயருடையது. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் டால்பி டீகோடர் இல்லையென்றால் சத்தமே வராது, அல்லது கரகரவென்று ஓர் இரைச்சல் மட்டும் வரும். ஸ்டீரியோதான் வேண்டும் என்பவர்கள் பி.சி.எம். வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபயர் முகப்பில் 5.1 என்று எழுதியிருப்பதை வைத்து அதில் டீகோடர் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அசெம்பிள் செய்து விற்கும் பல ஆம்ப்ளிஃபயர்களில் டிஜிட்டல் உள்ளீடே இருக்காது. வருகிற ஸ்டீரியோவை எடுத்து, ஒரு போர்டு தன் கணக்குப்படி ஐந்தாகப் பங்குபோடும். அதில் தவறில்லை, பாட்டு கேட்க இதமாகவே இருக்கும். ஆனால் அதற்கும் முதலில் உண்மையான இடதும் வலதும் உள்ளே போக வேண்டும். மோனோவைக் கொடுத்தால் ஐந்து மோனோதான் திரும்பக் கிடைக்கும்.

டிஜிட்டல் உள்ளீடு இல்லாத ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குட்டிப் பெட்டி இருக்கிறது. டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர் என்று கேட்டால் தருவார்கள். ஒரு பக்கம் கோஆக்சியலும் ஆப்டிக்கலும் உள்ளே போகும், மறுபக்கம் வெள்ளையும் சிவப்பும் வெளியே வரும். செல்போன் சார்ஜரில் ஓடும். மலிவான பெட்டிகளுக்கு பி.சி.எம். மட்டுமே தெரியும் என்பதை மறக்க வேண்டாம். புதிய டிவியில் இயர்போன் துளையும் இல்லை, வெள்ளை சிவப்பு வெளியீடும் இல்லை, பழைய ஸ்டீரியோ செட்டை வீசவும் மனமில்லை என்பவர்களுக்கு இந்தப் பெட்டி ஒரு வரம். வாங்கும்போது உங்கள் டிவியில் இருப்பது கோஆக்சியலா ஆப்டிக்கலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்டிக்கல் துளைக்கு ஒரு குட்டிக் கதவு இருக்கும், டிவி ஓடும்போது உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும்.

புதிதாக மாட்டியவர்கள் உடனே சொல்லும் இரண்டு புகார்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். “டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டினால் கூடவே மாட்டேன் என்கிறது” என்பது ஒன்று. ஆரஞ்சுத் துளையில் போகும் ஒலி பெரும்பாலும் நிலையான அளவில்தான் போகும், ஆம்ப்ளிஃபயரில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். “பேசுகிறவரின் வாய் அசைவதற்கு முன்பே குரல் வந்துவிடுகிறது” என்பது இன்னொன்று. படத்தை டிவி மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது, ஒலியோ பாக்ஸிலிருந்து நேராக ஓடிவிடுகிறது. பாக்ஸிலோ ஆம்ப்ளிஃபயரிலோ ஆடியோ டிலே என்று இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இரண்டையும் ஒன்றுசேருங்கள். அப்படி ஓர் அமைப்பு இல்லையென்றால் பாக்ஸிலிருந்து எடுக்காமல் டிவியின் முதுகிலிருந்து ஒலியை எடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

உறுமலும் சுருக்கும்

ஆம்ப்ளிஃபயரில் பாக்ஸை இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் தொடர்ந்து கேட்கிறதா? கம்பத்திலிருந்து வரும் கேபிளின் வெளிப்பின்னல் வேறெங்கோ பூமியைத் தொட்டிருக்கிறது. உங்கள் வீட்டு எர்த் வேறு. இரண்டுக்கும் நடுவே ஓடும் சிறு மின்னோட்டம்தான் உறுமுகிறது. கண்டுபிடிப்பது சுலபம்: பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு பாக்ஸின் பின்னாலுள்ள கேபிளைத் திருகிக் கழற்றி, மறுபடி போட்டுக் கேளுங்கள். உறுமல் நின்றால் அதுதான் காரணம். கேபிள் நுழையும் இடத்தில் ஐசொலேட்டர் ஒன்றைப் போடலாம். டிஷ் வீடுகளில் இதைச் செய்யக்கூடாது, ஏனென்றால் அங்கே பாக்ஸிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் அதே ஒயரில் மேலே போய்த்தான் டிஷ்ஷின் தலை வேலை செய்கிறது. அவர்களுக்கு நல்ல வழி ஆப்டிக்கல். கண்ணாடி போன்ற இழையில் வெளிச்சம் மட்டுமே போவதால் உறுமலுக்கு அங்கே பாதையே இல்லை.

கேபிளின் மரையைத் தொட்டால் ‘சுருக்’கென்று இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். இரண்டு பின் பிளக்கில் ஓடும் பாக்ஸ்களின் பவர் சப்ளையிலிருந்து மிகச் சிறிய கசிவு வருவதுண்டு. ஆனால் கசிவு எல்லாமே அந்த வகை என்று எண்ணி அசட்டையாக இருக்கக்கூடாது. பலமாக அடித்தால் உடனே கையை எடுத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எந்த ஒயரை மாட்டினாலும் கழற்றினாலும் பாக்ஸ், டிவி, ஆம்ப்ளிஃபயர் மூன்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டே செய்யுங்கள். இடி மின்னல் நேரத்தில் கேபிளைத் தொடவே வேண்டாம்.

மாடி அறைக்கு

கூடத்தில் பாக்ஸ், மாடியில் ஸ்டீரியோ செட். நடுவில் பத்து மீட்டர். வெள்ளை சிவப்பு ஒயரை அவ்வளவு தூரம் இழுத்தால் இரைச்சலும் கூடவே ஏறும். கேபிள்காரர்கள் பயன்படுத்தும் ஆர்.ஜி.-6 ஒயரை எடுத்து, இரு முனையிலும் எஃப் கனெக்டர் போட்டு, அதன் மேல் எஃப்-இலிருந்து ஆர்.சி.ஏ.-வுக்கு மாற்றும் அடாப்டர் மாட்டி, ஆரஞ்சுத் துளையிலிருந்து ஆரஞ்சுத் துளைக்குக் கொடுங்கள். ஆர்.ஜி.-6-ம் 75 ஓம்தான், எனவே அது இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். வழியில் கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் எதையும் வைக்காதீர்கள், அது வேறு அலைகளுக்காகச் செய்தது. ஏற்கெனவே சுவருக்குள் ஓடும் பழைய ஒயரைப் பயன்படுத்துவதானால், அதன் இன்னொரு முனை டிஷ்ஷோடு சேர்ந்திருக்கவில்லை என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை உறுதிப்படுத்துங்கள். 18 வோல்ட்டை ஆரஞ்சுத் துளைக்குள் விட்டால் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுச் சுற்று தாங்காது. அது அரை வோல்ட்டுக்குப் பழகியது.

படமும் ஒலியும் சேர்ந்து பல அறைகளுக்கு ஒரே ஆன்டெனா ஒயரில் போக வேண்டும், அதுவும் ஸ்டீரியோவாக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. லாட்ஜுகளிலும் ஹோட்டல்களிலும் வைக்கும் டிஜிட்டல் மாடுலேட்டர். எச்.டி.எம்.ஐ.-யை வாங்கி டிஜிட்டல் சேனலாக மாற்றி ஆர்.எஃப். ஒயரில் ஏற்றும். பழைய தகர டப்பா செய்யாததை இது செய்கிறது. டிவியில் அதே வகை டிஜிட்டல் டியூனர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலையும் பல ஆயிரம் ரூபாய். வீட்டுக்கு இவ்வளவு தேவையா என்றால், என் கணக்கில் தேவையில்லை. படுக்கையறையில் பாட்டி பார்க்கும் சீரியலுக்கு மோனோவே போதும். அந்தக் குட்டை ஒயர் அங்கே நிம்மதியாக இருக்கட்டும்.

காதால் பரிசோதனை

எல்லாம் மாட்டியாயிற்று, உண்மையிலேயே ஸ்டீரியோதானா? டிவியில் இரண்டு ஸ்பீக்கர் இருப்பது சான்று ஆகாது, மோனோவையும் இரண்டிலும் பாடவைக்கலாம். வெள்ளை சிவப்பு ஒயர் என்றால், பிளக்குகளைப் பிடுங்கிவிட்டுச் சிவப்பைக் கழற்றி, மறுபடி போட்டு ஒரு நிமிடம் கேளுங்கள், பிறகு அதேபோல சிவப்பைச் செருகி வெள்ளையைக் கழற்றிக் கேளுங்கள். இரண்டு முறையும் அச்சு அசலாக ஒரே பாட்டு கேட்டால் எங்கோ மோனோவாகிறது. ஆரஞ்சு வழியென்றால் ஆம்ப்ளிஃபயரின் பேலன்ஸை ஒரு ஓரத்துக்குத் திருப்பிவிட்டு இதையே செய்யலாம்.

எந்தப் பாட்டை வைத்துச் சோதிப்பது என்பதும் முக்கியம். 1960-களின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. அவற்றை வைத்துக்கொண்டு ஒயரைக் குற்றம் சொல்லக்கூடாது. 1978-ல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை, வாத்தியங்கள் பக்கம் பிரிந்து நிற்பது தெளிவாகக் கேட்கும். அதற்குப் பிந்தைய பாடல்களிலும் உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம், முன்பு இயர்போனில் நன்றாகக் கேட்டுப் பழகியதாக இருந்தால் நல்லது.

பாட்டு சரி, ஒயரும் சரி, ஆனாலும் பிரியவில்லையா? ரிமோட்டில் ஆடியோ என்ற பொத்தானை அமுக்கிப் பாருங்கள். பல பாக்ஸ்களில் இடது மட்டும், வலது மட்டும், ஸ்டீரியோ என்று மாறும். குழந்தைகள் விளையாட்டாக அமுக்கி ‘இடது மட்டும்’ ஆக்கிவிட்டிருப்பார்கள். பாட்டு ஒரு பக்கம், இசை ஒரு பக்கம் என்று வந்த கரோக்கி சி.டி.களுக்குப் பயன்பட்ட வசதி அது. இன்று பெரும்பாலும் தொல்லைதான் தருகிறது.

கடைசியாக ஸ்பீக்கர் ஒயர்களின் கூட்டல் கழித்தல். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் தலைகீழாகக் கொடுத்துவிட்டால் பாடகர் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும், தவிலும் டிரம்மும் சோகையாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க மோனோவே சிறந்த துணை. செய்தி சேனலை வைத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். செய்தி வாசிப்பவர் உங்கள் மூக்குக்கு நேரே நின்று பேச வேண்டும். அப்படி இல்லையென்றால் ஒரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் டிவிக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளி, காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு என்னால் உதவ முடியாது.

அண்ணாச்சி வீட்டில் நான் செய்தது இவ்வளவுதான்: குட்டை ஒயரைக் கழற்றினேன், பரணில் உறையோடு கிடந்த ஏ.வி. கார்டை எடுத்து மஞ்சளை டிவிக்கும் மற்ற இரண்டை ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுத்தேன். பத்து நிமிடம். காசு கேட்கவில்லை, கால் கிலோ முந்திரி கொடுத்தார்.

ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, எங்கிருந்து எங்கே என்று பேனாவால் எழுதிவிடுங்கள். மெனுவில் பி.சி.எம். வைத்ததையும் ஆம்ப்ளிஃபயரின் மேல் குறித்து வையுங்கள். கேபிள்காரர் பாக்ஸை மாற்ற வருகிற அன்று நீங்கள் வீட்டில் இருக்கமாட்டீர்கள். அவர் கையில் ஒரு குட்டை ஒயர் இருக்கும்.